மரத்தரை வழியாக ஏறும் குளிர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹீட்டர் முழு வேகத்தில் ஓடுகிறது. முகத்துக்கு வெதுவெதுப்பாக இருக்கிறது, கணுக்காலுக்குக் கீழே மட்டும் சில்லிட்டுக் கிடக்கிறது. பழைய மரத்தரை வீட்டில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டும் தீராத அந்தக் குளிரைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் வீட்டுத் தரையை அறை அறையாகச் சரிசெய்தபோது கற்றதுதான் பதில்களில் பாதி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்றை நிறுத்த வேண்டிய இடம் பலகை மட்டம். பலகைக்கு அடியில் இருக்கும் வெற்றிடத்தில் காற்று ஓடியே ஆக வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தரையையே உளுத்துப்போக விட்டவர்கள் உண்டு.

எங்கள் வீட்டுத் தரை அடியில் வெற்றிடம் உள்ள வகைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குதிகாலால் தட்டிப் பாருங்கள். டொக் டொக்கென்று வெற்றுப் பெட்டி போல ஒலித்து, நடக்கும்போது இலேசாக அசைந்து கொடுத்தால் அடியில் வெற்றிடம் இருக்கிறது. வெளியே போய்ச் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். தரையை ஒட்டி, செங்கல் அளவில் துளையுள்ள கிரில்கள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அவைதான் அந்த வெற்றிடத்துக்கான காற்றுத்துளைகள். உள்ளே தாங்குகட்டைகள் வரிசையாகக் கிடக்கும், அவற்றின் மேல் பலகைகளை ஆணியடித்திருப்பார்கள்.

கான்கிரீட் மேல் ஒட்டிய மரத்தரை என்றால் கீழே சொல்வதில் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தாது. மாடித் தரைக்கும் இது தேவையில்லை. கீழே கார் ஷெட்டோ திறந்த நடைபாதையோ இருந்தால் மட்டும் அந்த இடத்துக்குத் தேவை.

குளிர் எப்படி வருகிறது? பலகை மெலிதாக இருப்பதுதான் காரணமா?

அது ஒரு காரணம். பலகை வழியாக வெப்பம் கடந்து போகிறது. ஆனால் காலில் உணரும் குளிருக்குப் பெரும்பாலும் இடுக்குகளில் நுழையும் காற்றுதான் காரணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, 15 செ.மீ. அகலப் பலகைகள். சுமார் 25 இடுக்குகள் வரும். ஒவ்வொன்றும் 4 மீட்டர் என்றால் மொத்தம் 100 மீட்டர் நீளம். இடுக்கின் அகலம் வெறும் 2 மி.மீ. என்று வைத்துக்கொண்டாலும் பரப்பு 0.2 சதுர மீட்டர் ஆகிவிடுகிறது. பக்கத்துக்கு 45 செ.மீ. உள்ள ஒரு சதுர ஓட்டை அது. குறுகிய இடுக்கில் காற்று கொஞ்சம் தயங்கித்தான் வரும் என்பது உண்மை, இருந்தாலும் அவ்வளவு பெரிய ஓட்டையை யாராவது சன்னலில் விட்டு வைப்போமா?

அந்தக் காற்றை இழுப்பதும் நம் ஹீட்டர்தான். சூடான காற்று இலேசானது. அது மேலே ஏறி, மாடிப்படி வழியாகவும் கூரை இடுக்குகள் வழியாகவும் வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்காற்று ஏறி வருகிறது. அதனால் தரையைச் சரிசெய்யும்போது கூரைப்பக்கம் ஏறுவதற்கான கதவையும் ஒருமுறை பாருங்கள். மேலே கசிவு குறைந்தால் கீழே இழுப்பும் குறையும்.

எங்கே கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காற்று வீசும் குளிர்நாளாகப் பார்த்து, எல்லாச் சன்னல்களையும் சாத்திவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு தரையில் மண்டியிடுங்கள். சமையலறையிலும் குளியலறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், கசிவு இன்னும் தெளிவாகத் தெரியும். விறகடுப்போ திறந்த நெருப்போ எரியும் நேரத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். ஃபேன் அதன் புகையையும் வீட்டுக்குள் இழுத்துவிடும். புகை நேராக மேலே போகிற இடத்தில் பிரச்சினை இல்லை. ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் தரையை ஒட்டி ஓடும் பட்டைப் பலகை) ஓரமாகப் பத்தியை மெதுவாக நகர்த்திக்கொண்டு போகும்போது, திடீரென்று புகை அறைக்குள் சாய்ந்து கலைந்து ஓடும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். திரைச்சீலை, கம்பளம் பக்கத்தில் கவனம்.

பத்தி இல்லாமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கம்பளத்தின் ஓரத்தைப் பாருங்கள். வெளிர்நிறக் கம்பளத்தில் சுவரையொட்டி ஒரு விரல் அகலத்துக்குக் கருஞ்சாம்பல் கோடு ஓடும். எத்தனை தேய்த்தாலும் போகாது. எங்கள் வீட்டில் அதை வெறும் அழுக்கு என்றே நினைத்திருந்தோம். உண்மையில் அந்த இடத்தில் கம்பளம் வடிகட்டியாக வேலை செய்திருக்கிறது. இடுக்கு வழியாகப் போய்வரும் காற்றிலிருந்த தூசு எல்லாம் அதில் படிந்துவிட்டது. கோடு எவ்வளவு கறுப்போ, கசிவும் அவ்வளவு.

முதலில் எதை அடைப்பது?

நாலு சுவர் ஓரத்தையும்தான். எல்லோரும் அறையின் நடுவில் கண்ணுக்குத் தெரியும் இடுக்குகளிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஆனால் ஸ்கர்ட்டிங்குக்குப் பின்னால்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. பலகையைச் சுவர் வரைக்கும் முட்டவிடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டுத்தான் போடுவார்கள். சுவர்ப் பூச்சும் பல வீடுகளில் தரைவரை இறங்காமல் ஸ்கர்ட்டிங்கின் பின்னாலேயே நின்றுவிடும். ஸ்கர்ட்டிங் அந்த ஓட்டையை மறைக்கிறது, மூடுவதில்லை.

ஸ்கர்ட்டிங்குக்கும் தரைக்கும் நடுவே 5 மி.மீ.க்குள் இடைவெளி என்றால் வளைந்து கொடுக்கும் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) போதும். பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் அக்ரிலிக் வகை வாங்குங்கள். சிலிக்கான் மேல் பெயின்ட் ஒட்டாது. இடைவெளி அதற்கு மேல் என்றால் முதலில் நுரைக்கயிறு ஒன்றை உள்ளே அழுத்திவிட்டு, அதன்மேல் சீலன்ட் பூசுங்கள். கயிறு இடுக்கைவிடக் கொஞ்சம் தடிமனாக இருந்தால்தான் நிற்கும். பூசுவதற்கு முன்னால் ஓரத்தைத் தூசியில்லாமல் வேக்குவம் செய்து துடைப்பது ரொம்ப முக்கியம். தூசி மேல் பூசிய சீலன்ட் ஒரே பருவத்தில் உரிந்து வந்துவிடும்.

எப்படியும் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றும் வேலை வந்தால் அந்த வாய்ப்பை விடாதீர்கள். பின்னால் இருக்கும் சுவரைத் தரைவரை பூசி மூடிவிடலாம்.

அப்புறம் யாரும் பார்க்காத இடங்கள்: சமையலறைக் கப்போர்டுகளுக்கு அடியில் குழாய் இறங்கும் துளை, குளியல் தொட்டியின் பக்கப் பலகைக்குப் பின்னால், ரேடியேட்டர் குழாய்களைச் சுற்றி, மாடிப்படிக்கு அடியில் உள்ள அலமாரி. குழாய்க்கு என்று கட்டைவிரல் அளவில் போட வேண்டிய துளையைக் கை நுழையும் அளவுக்கு வெட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளை எதைக்கொண்டு நிரப்புவது?

மரம் அசையும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பதில் தானாக வரும். நீளவாக்கில் மரம் அநேகமாக மாறுவதே இல்லை. அகலவாக்கில்தான் சுருங்கி விரியும். ஹீட்டர் ஓடும் குளிர்காலத்தில் வீட்டுக் காற்று உலர்ந்துவிடும், பலகை சுருங்கி இடுக்கு அகலும். ஈரப்பதமான கோடையில் அதே இடுக்கு மூடிக்கொள்ளும். 15 செ.மீ. பலகையில் இந்த வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் வரை போகலாம், சில பலகைகளில் அதற்கு மேலும் போகும்.

இதனால்தான் மரத்தூளையும் மரப்பசையையும் குழைத்து அடைக்கும் பழைய முறையை நான் பரிந்துரைப்பதில்லை. அன்றைக்குப் பார்க்க அழகாக இருக்கும். காய்ந்ததும் கல்போல் இறுகிவிடும். மரம் சுருங்கும்போது ஒரு பக்கம் விட்டுவிடும், ஒன்றிரண்டு குளிர்காலத்துக்குள் துண்டு துண்டாக அடியில் விழுந்துவிடும். அசையாத சின்ன விரிசல்களுக்கும் ஆணி ஓட்டைகளுக்கும் மட்டும் சரி.

குறுகிய இடுக்குகளுக்கு, மடித்த பட்டைபோல் வரும் வளையும் பிளாஸ்டிக் அல்லது ரப்பர்ப் பட்டை நல்லது. உள்ளே தள்ளியதும் விரிந்து இரண்டு பக்கமும் அழுத்திக்கொள்ளும். மரம் அசைந்தால் அதுவும் கூடவே அசையும். பலகை மட்டத்துக்குச் சற்றுக் கீழே உட்காருவதால் இருட்டுக் கோடாகத்தான் தெரியும். பசை வேண்டாம், வேண்டாதபோது உருவி எடுத்துவிடலாம்.

அகலமான இடுக்குகளுக்கு, 5 மி.மீ.க்கு மேல் என்று வையுங்கள், மரச்சீவல்தான் எனக்குப் பிடித்தது. அதே ஜாதி மரத்தில், ஒரு முனை மெலிந்த ஆப்பு வடிவில் நீளப் பட்டைகளாகச் சீவிக்கொள்ள வேண்டும். முதலில் இடுக்கிலுள்ள பழைய அழுக்கை ஒரு மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் கெல்லி எடுங்கள். ஐம்பது வருட மெழுகு, குண்டூசி, மணி, தூசு எல்லாம் வரும். ஆழமாகக் குத்தாதீர்கள், அடியில் வயரோ குழாயோ ஓடலாம். அப்புறம் சீவலின் ஒரே ஒரு பக்கத்தில் பசை தடவி, மேலே ஒரு கட்டையை வைத்துச் சுத்தியலால் பதமாகத் தட்டி இறக்குங்கள். இரண்டு பக்கமும் பசை தடவினால் பலகைகள் ஒன்றோடொன்று பிணைந்து, சுருங்கும்போது வேறு எங்காவது பிளக்கும். ஒன்றிரண்டு மி.மீ. மேலே துருத்தியிருக்கட்டும். மறுநாள் இழைப்புளியால் சீவி மட்டம் செய்துவிடலாம்.

சீவல் அடிக்கக் கடுங்குளிர்காலம் வேண்டாம். இடுக்கு முழுக்க விரிந்திருக்கும்போது நெருக்கி அடித்தால், கோடையில் விரிவதற்கு இடமில்லாமல் பலகை மேலே தூக்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவிலான பருவமே சரி.

பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகியவை என்றால் இந்த வேலை பெரும்பாலும் தேவைப்படாது. ஓரங்களை மட்டும் அடைத்தால் போதும்.

கனமான கம்பளம் விரித்தால் போதாதா?

கொஞ்சம் உதவும். சுவரிலிருந்து சுவர்வரை கம்பளம், அதன் அடியில் தடித்த விரிப்பு இரண்டும் சேர்ந்தால் காலுக்கு நல்ல வித்தியாசம் தெரியும். ஆனால் ஓரத்தை அடைக்காமல் போட்டால், முன்பு சொன்ன அந்தக் கறுப்புக் கோடுதான் வரும். சீலன்ட் முதலில், கம்பளம் பிறகு.

ரப்பர், வினைல் மாதிரி ஈரத்தை விடாத விரிப்பைப் பழைய பலகை மேல் முழுக்க ஒட்டுவதற்கு முன்னால் அடியிலுள்ள வெற்றிடம் உலர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மேலே போக வழியில்லாத ஈரம் மரத்துக்குள்ளேயே தங்கிவிடும்.

குளிர்காற்று வெளிச்சுவர் துளைகள் வழியாகத்தானே வருகிறது? அவற்றையே அடைத்துவிட்டால் என்ன?

தயவுசெய்து செய்யாதீர்கள். இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

மண்ணிலிருந்து ஈரம் ஓயாமல் மேலே வந்துகொண்டிருக்கிறது. அதை வெளியே கொண்டுபோவது அந்தத் துளைகள்தான். அவற்றை அடைத்தால் மரத்தின் ஈரப்பதம் மெல்ல ஏறும். 20 சதவீதத்தைத் தாண்டினால் மரத்தை அழுகவைக்கும் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். பழைய வீடுகளை அரிக்கும் ஒரு பூஞ்சைக்கு அறிவியல் பெயர் செர்ப்யூலா லாக்ரிமன்ஸ். லாக்ரிமன்ஸ் என்றால் கண்ணீர் விடுவது என்று பொருள். அதன் மேல் நீர்த்துளிகள் அரும்பி நிற்பதால் அந்தப் பெயர். செங்கல் சுவரைக்கூடத் தாண்டி அடுத்த மரத்தைத் தேடிப் போகும். அது பிடித்த தரையை வெட்டி எறிவதைத் தவிர வழி அரிது.

தாங்குகட்டைகளின் முனைகள் வெளிச்சுவரில் செருகியிருக்கும். முதலில் அழுகுவது அவைதான். அதை மேலே நடப்பவர் உணரும்போது காலம் கடந்திருக்கும்.

அளவு வேண்டுமென்றால், இங்கிலாந்தின் கட்டட வழிகாட்டி சொல்வது இது: சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 1500 சதுர மி.மீ. திறப்பு, அல்லது தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 500 சதுர மி.மீ., எது அதிகமோ அது. எதிரெதிர்ச் சுவர்களில் இருந்தால்தான் காற்று குறுக்கே ஓடும். இலை, மண், சிலந்திக்கூடு இருந்தால் எடுத்துவிடுங்கள். பூந்தொட்டியைக் கொண்டுபோய் அதன் முன்னால் வைக்காதீர்கள். தோட்டத்து மண் உயர்ந்து துளையை மூடியிருந்தால் தோண்டித் தாழ்த்துங்கள்.

இன்சுலேஷன் (வெப்பத்தடுப்பு) போட வேண்டுமா? எவ்வளவு?

இடுக்குகளை அடைத்த பிறகும் பலகை வழியாக வெப்பம் போய்க்கொண்டுதான் இருக்கும். 20 மி.மீ. பைன் பலகை தரும் தடுப்பை வெறும் 6 மி.மீ. ராக் வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) தந்துவிடும். அப்படியானால் 100 மி.மீ. வூல் எத்தனை பலகைக்குச் சமம் என்று பாருங்கள். கிட்டத்தட்ட பதினேழு. தாங்குகட்டையின் உயரம் எவ்வளவோ அவ்வளவும் நிரப்புவது நல்லது. அதற்குக் கீழே தொங்கிக் காற்றோட்டத்தை மறிக்கக் கூடாது.

இன்சுலேஷன் போடும் முன் ஒரு ஸ்க்ரூடிரைவரால் கட்டைகளைக் குத்திப் பாருங்கள், முக்கியமாகச் சுவரோர முனைகளை. மெத்தென்று உள்ளே போனால் இன்சுலேஷனை மறந்துவிட்டு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். இன்சுலேஷன் போட்ட பிறகு வீட்டு வெப்பம் கீழே இறங்காது, அடிவெற்றிடம் முன்பைவிடக் குளிர்ந்திருக்கும். ஏற்கெனவே ஈரமான இடம் இன்னும் ஈரமாகும்.

எந்தப் பொருள் நல்லது?

ராக் வூல், கிளாஸ் வூல், மரநார், ஆட்டுக் கம்பளி என்று எதுவானாலும் மெத்தென்று அழுந்தி இடத்தை நிரப்பும் வகையைத்தான் நான் சொல்வேன். இவற்றின் வெப்பக் கடத்துதிறன் பொதுவாக 0.035 முதல் 0.044 வரை (எண் சிறிதானால் தடுப்பு அதிகம்). பிஐஆர் என்ற கெட்டி நுரைப் பலகைக்குச் சுமார் 0.022தான், காகிதத்தில் பார்த்தால் அதுவே வெற்றி. ஆனால் பழைய வீட்டுத் தாங்குகட்டைகள் நேராக இருப்பதில்லை. கெட்டிப் பலகையை எவ்வளவு கவனமாக வெட்டினாலும் ஓரத்தில் இடைவெளி விழும், குளிர்காற்று அதில் புகுந்து பலகைக்கு மேலே சுற்றிவரும். வூல் என்றால் கட்டைகளுக்கு இடையிலான தூரத்தைவிட ஒரு விரல் அகலமாக வெட்டித் திணித்தால் தானே பிடித்துக்கொள்ளும்.

மேலிருந்து போடுவதா, கீழிருந்தா?

அடியில் நிமிர்ந்தோ தவழ்ந்தோ போகும் அளவுக்கு இடம் இருந்தால் கீழிருந்து. வூலைப் பலகையோடு ஒட்டும்படி மேலே அழுத்த வேண்டும், நடுவில் இடைவெளி கூடாது. பிறகு காற்றைத் தடுத்து ஈரத்தை விடும் சவ்வை அடியில் ஸ்டேப்பிள் செய்து, மெல்லிய சட்டங்களால் இறுக்குங்கள். முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் இறங்காதீர்கள், வூல் துகள் எல்லாம் முகத்தில்தான் விழும்.

இடமில்லாவிட்டால் மேலிருந்துதான். பலகைகளுக்கு வரிசையாக எண் போட்டுவிட்டுத் தூக்குங்கள். ஈரத்தை விடும் சவ்வைக் கட்டைகளின் மேல் விரித்து, ஒவ்வொரு இடைவெளியிலும் குழந்தைக்குத் தூளி கட்டியதுபோல் தொங்கவிட்டு, இரு பக்கமும் ஸ்டேப்பிள் அடியுங்கள். அந்தத் தூளிக்குள் வூல் கட்டையின் மேல்மட்டம் வரை நிரம்ப வேண்டும். அதற்கும் மேலே, பலகை போடுவதற்கு முன், காற்றுப் புகாத இன்னொரு சவ்வை அறை முழுக்க விரித்துச் சுவரோரங்களில் டேப்பால் ஒட்டுங்கள். வீட்டு ஈரம் கீழே இறங்காமல் தடுப்பதும் அதுதான். இந்த மேல்சவ்வால்தான், கஷ்டமாக இருந்தாலும், மேலிருந்து செய்யும் வேலையின் பலன் அதிகம். வேலை முடியும்வரை கட்டைகள் மேல் மட்டும் கால் வையுங்கள்.

ஸ்ப்ரே ஃபோம் அடித்தால் ஒரே நாளில் முடிந்துவிடுமாமே?

முடியும். ஆனால் மரத்தோடு ஒட்டிப்போகும், உள்ளே அழுகுவது வெளியே தெரியாது, எடுப்பதும் பெரும்பாடு. தரைக்கு வேண்டாம்.

வயர், தண்ணீர்க் குழாய்களை என்ன செய்வது?

வயரை இன்சுலேஷனுக்குள் புதைத்தால் அது சூட்டை வெளியே விட முடியாமல் தவிக்கும், தாங்கும் மின்னோட்டமும் குறையும். முடிந்தவரை இன்சுலேஷனுக்கு வெளியே ஓடவிட்டு, எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பிவிசி வயர் தெர்மாகோலைத் தொட்டுக்கொண்டு கிடக்கக் கூடாது. அதிலுள்ள மென்மையாக்கும் பொருள் தெர்மாகோலுக்குள் போய், வயர் உறை நொறுங்க ஆரம்பிக்கும்.

அடியில் ஓடும் குழாய்களுக்கு இனி வீட்டின் சூடு கிடைக்காது. குளிர்ந்த தண்ணீர்க் குழாயானாலும் நுரை உறை போடுங்கள், இல்லாவிட்டால் உறைந்து வெடிக்கலாம்.

இப்படி எல்லாம் அடைத்தால் வீட்டுக்குள் காற்றே வராதே?

நியாயமான கவலை. வீட்டில் விறகடுப்போ, திறந்த நெருப்போ, புகைபோக்கியுள்ள கேஸ் ஹீட்டரோ இருந்தால் அது எரியக் காற்று வேண்டும். இதுவரை அந்தக் காற்றைத் தரை இடுக்குகள் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அடைப்பதற்கு முன்னால் தனிக் காற்றுவழி இருக்கிறதா என்று தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் கட்டாயம் மாட்டுங்கள். மணமும் நிறமும் இல்லாத வாயு அது, உடம்புக்குத் தெரிவதற்குள் ஆளை முடித்துவிடும். மண்ணிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு வரும் பகுதி என்றால் சுவரடித் துளைகள் திறந்திருப்பது இன்னும் அவசியம்.

வாடகை வீடு. என்ன செய்யலாம்?

உருவி எடுக்கக்கூடிய பட்டைகள், ஓரத்தில் நுரைக்கயிறு, தடித்த விரிப்புடன் கம்பளம். எதுவும் தடம் விடாது. சீலன்டுக்கு உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலன் தெரிகிறதா என்று எப்படி அளப்பது?

இரண்டு சாதாரண வெப்பமானி போதும். ஒன்றைத் தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்திலும் மற்றதை 1.1 மீட்டரிலும் வையுங்கள், உட்கார்ந்திருப்பவரின் கணுக்காலும் தலையும் அந்த உயரத்தில்தான் இருக்கும். ஐஎஸ்ஓ 7730 என்ற சர்வதேசத் தரநிலை, இந்த இரண்டுக்கும் வித்தியாசம் 3 டிகிரிக்குள் இருப்பதைச் சராசரி வசதிக்கான அளவாக வைத்திருக்கிறது. அடைப்பதற்கு முன்பே அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஒப்பிடலாம்.

தரையை மூடும்போது வெளிச்சுவர் பக்கத்தில் ஒரு பலகையை மட்டும் ஆணிக்குப் பதில் ஸ்க்ரூ போட்டு வையுங்கள். முதல் குளிர்காலம் முடிந்ததும் அதைக் கழற்றி, டார்ச் அடித்து, கட்டை முனையில் கையை வைத்துப் பாருங்கள். உலர்ந்து இருந்தால் மறுபடி மூடிவிட்டு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.